ஒண்ணு கூட அக்கா

“உள்ள இருக்கிறது வெளிய போகக் கூடாதா, வெளிய இருக்கிறது உள்ள வரக் கூடாதா?”

வாடிக்கையாளரின் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் இன்னொரு கால் வெளியேயும் இருக்கும்போதே அக்கா இதைக் கேட்டுவிடுவார். தோட்டத்துக்கு வேலி போட வேண்டும், கம்பமும் வலையும் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க வந்த மனிதர் இந்தக் கேள்விக்குத் தயாராகிக்கொண்டு வந்திருக்க மாட்டார். நின்ற இடத்திலேயே யோசிப்பார். சிலர் கோழி என்பார்கள். சிலர் பக்கத்து வீட்டு நாய் என்பார்கள். ஒருவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மாமனார்” என்றார். அக்கா சிரிக்கவில்லை. “உள்ள இருக்காரா, வெளிய இருக்காரா?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கேள்வியில் விஷயம் இருக்கிறது. “ஆடு தாண்டும், கோழி நுழையும், நாய் தோண்டும். எது வரும்னு சொன்னாத்தானே எவ்வளவு ஆகும்னு நான் சொல்ல முடியும்?” என்பார். தாண்டுகிற பிராணி என்றால் கம்பம் உயரமாக வேண்டும். நுழைகிறது என்றால் வலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும். தோண்டுகிறது என்றால் வலையை மண்ணுக்குள்ளும் ஒரு முழம் இறக்க வேண்டும், அதற்குத் தனியாகக் கணக்கு. மனிதன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் ஒருமுறை சும்மா கேட்டு வைத்தேன். “மனுஷனுக்கு எந்த வேலியும் பத்தாது தம்பி. அவன் வாயாலயே தாண்டிடுவான்” என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு ஆணியை நிறுக்கப் போய்விட்டார்.

என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரில் இருக்கிறது அந்த வேலிச் சாமான் கடை. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத் தெரு, அவ்வளவுதான். அடுத்தவர் கண்ணைச் சோதிப்பது என் பிழைப்பு. ஆள் வராத நேரத்தில் என் கண்ணை நானே சோதித்துக்கொள்ள எதிரே அக்கா இருக்கிறார். கடை அவருடையது அல்ல. முதலாளி என்று ஒருவர் உண்டு. எப்போதாவது வருவார், தன்னிடமும் என்ன வேலி வேண்டும் என்று கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தோடு சாவிக்கொத்தைச் சுழற்றியபடி கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அளவு கேட்பதும், கணக்குப் போடுவதும், இவ்வளவு சாமான் பிடிக்கும் என்று சொல்வதும் அக்காதான்.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உருவம். மூக்கின் நுனியில் நான் விற்ற கண்ணாடி. கொண்டையில் ஒரு பென்சில். அது அங்கே இருப்பதை மறந்து இன்னொரு பென்சிலை எடுத்து, அதையும் கொண்டையிலேயே செருகி, மூன்றாவதைத் தேடும்போது கடை வண்டி ஓட்டுகிறவர் “தலைக்கு மேல இருக்கு அக்கா” என்பார். “அது கூட இருக்கட்டும்” என்று மூன்றாவதையும் எடுத்துக்கொள்வார். எதையும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்வது அவர் சுபாவம். கண்ணாடி வாங்கியபோது, காம்புக்கு மாட்டுகிற பொடி ஆணி ஒன்று கூட வேண்டும் என்று கையை நீட்டியபடி நின்று வாங்கிக்கொண்டு போனவர். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் அஞ்சு தட்டு வைப்பாராம். அவர் கணவர் பஸ் டிரைவர். “புருஷன் விஷயத்துல மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டா, புண்ணியவதி” என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

தெருவில் அவருக்கு ‘ஒண்ணு கூட அக்கா’ என்று பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. யார் வந்தாலும் அக்கா ஒரு சின்னப் பரீட்சை வைப்பார். “நாப்பதடி வேலி. பத்தடிக்கு ஒரு கம்பம். எத்தனை கம்பம் வாங்குவீங்க?” நாற்பதைப் பத்தால் வகுக்க யாருக்குத்தான் தெரியாது? நாலு என்று வாய் முந்திக்கொண்டு வரும். அக்கா இடது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடிப்பார். அறைய வருகிறாரோ என்று சிலர் பின்வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். “விரல் எத்தனை? அஞ்சு. நடுவுல இடுக்கு எத்தனை? நாலு. நீங்க இடுக்கை எண்ணிட்டீங்க. கம்பம்னா விரல். ஆரம்பத்துல ஒண்ணு நிக்கணும், முடிவுலயும் ஒண்ணு நிக்கணும். இல்லாட்டிக் கடைசி இடுக்குல வலையை எதுல கட்டுவீங்க, என் தலையிலயா?” என்பார். பிறகு வண்டிக்காரர் பக்கம் திரும்பி, “இவருக்கு நாலு. ஒண்ணு கூட” என்று குரல் கொடுப்பார்.

ஒருமுறை ஒரு கெட்டிக்கார இளைஞர், தோட்டத்தைச் சுற்றி வந்து சேர்கிற வேலிக்கு அந்த ஒன்று தேவையில்லையே, ஆரம்பித்த கம்பத்திலேயே வந்து முடிந்துவிடுமே என்று மடக்கினார். அக்கா தன் கையைப் பார்த்தார். விரல்களை வளைத்து வட்டமாக்கிப் பார்த்தார். பெருவிரலும் சுண்டுவிரலும் ஒட்டிக்கொண்டன. இளைஞர் சொன்னது சரிதான். “அப்பவும் ஒண்ணு கூட” என்றார் அக்கா. ஏன் என்று இளைஞர் கேட்டார். “ஒண்ணு ஒடிஞ்சா உங்க கெட்டிக்காரத்தனத்தையா நடுவீங்க?”

இந்த ‘ஒண்ணு கூட’ ஒருநாள் அக்காவையே காலை வாரியது. புதுவீட்டுக்காரர் ஒருவருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர், கம்பங்களைக் கீழே இறக்கலாமா என்று கடைக்கு போன் செய்தார். அக்கா, “ஒண்ணு கூட…” என்று ஆரம்பிக்கும்போதே போன் அறுந்துவிட்டது. ஒண்ணு கூடப் போட்டு இறக்கு என்று அக்கா சொல்ல வந்தது. ஒண்ணு கூட இறக்காதே என்பதாக வண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். வெயிலில் வாசலில் நின்ற வீட்டுக்காரரின் முன்னால், பாதி இறக்கிய கம்பங்களை மறுபடி ஏற்றி, முழு லோடையும் கடைக்கே திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். “நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்” என்று அவர் நின்ற நிலையைப் பார்த்து, சிரிக்கவே தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த அக்கா, கம்பி உருளையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். கூட உட்கார்ந்து சிரித்தது சின்னவள்.

சின்னவள் என்பது அக்காவின் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. தையல்காரி. அடுத்த தெருவில் தைக்கிற இடம். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. குணத்தில் அக்காவுக்கு நேர் எதிர். துணியில் ஒரு விரல்கடை அதிகம் வெட்டினால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. “எங்க அக்கா சட்டை தைச்சா மூணு கை வெப்பாங்க” என்பாள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு இங்கே வந்துவிடுவாள். கடையில் இருப்பது ஒரே முக்காலி, அது அக்காவுக்கு. சுவரோரம் அடுக்கி வைத்த மரக்கம்பங்களின் மேல் சின்னவள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அக்காவின் டீ வரும்போது, வழக்கம்போல் ஒன்று கூட வரும். சின்னவள் இருந்தால் அது அவளுக்கு. அவள் கிளம்பிவிட்டால் தெருவைத் தாண்டி எனக்கு. எங்கள் நட்பு அந்த மீதி டீயில்தான் வளர்ந்தது, மறைப்பானேன்.

இருவர் வீடும் ஒட்டியவை. பின்னால் ஒரே தோட்டம். நடுவில் எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாய் அக்கா பக்கம், துணி காயப்போடும் கொடி சின்னவள் பக்கம். சாயங்காலம் இரண்டு பேரும் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், ஊரையும் நறுக்குவார்கள். இத்தனைக்கும் வேலிக் கடை அக்காவின் சொந்தத் தோட்டத்தில் ஒரு குச்சி கூட நட்டதில்லை.

சண்டை வந்தது பூசணிக்காயால். அக்கா தன் பக்கத்தில் நட்ட கொடி, யாரையும் கேட்காமல் சின்னவள் பக்கம் போய் அங்கே காய்த்தது. கொடி என்னுடையது என்றால் காயும் என்னுடையது என்பது அக்காவின் கட்சி. என் மண்ணில் உட்கார்ந்து என் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்பது சின்னவளின் கட்சி. குழாய் அக்கா பக்கம் இருப்பதால் தண்ணீர் யாருடையது என்பதிலும் ஒரு கிளைத் தகராறு. இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வீட்டுக்கு ஆள் வந்ததென்று சின்னவள் காயை அறுத்துச் சமைத்துவிட்டு, ஒரு பாதியை அக்காவுக்கு அனுப்பினாள். அனுப்பியது சின்னப் பாதி. தையல்காரிக்குப் பாதி என்றால் எவ்வளவு என்று தெரியாதா என்று அக்காவுக்குப் பட்டுவிட்டது. வந்திருந்த விருந்தாளிகள் காதில் விழும்படியாக, “கேக்காம எடுக்கிறதுதானே பழக்கம்” என்று சொல்லிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது என் மனைவி. அவளுக்குச் சொன்னது, ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது, சின்னவளே. சொல்லும்போது குண்டூசியை வாயில் கவ்வியிருந்தாளாம், அதனால்தான் அழவில்லை என்கிறாள் என் மனைவி. காயை எடுத்துக்கோ என்றால் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன், ஊரார் முன்னால் திருடி ஆக்கிவிட்டார்களே என்பது அவள் ஆற்றாமை. “அப்ப நடுவுல ஒரு வேலி போட்டுக்கலாம்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். “தாராளமா போடு. அளவு நானே சொல்றேன்” என்று அக்காவும் சொல்லிவிட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். இவர்கள் ஓணானுக்காக வேலியே போடக் கிளம்பினார்கள்.

அதன் பிறகு மத்தியானங்களில் சாப்பாட்டுத் தூக்கு வரவில்லை. அக்கா முக்காலியில் தனியாகச் சாப்பிட்டார். சின்னவள் உட்காரும் கம்ப அடுக்கின் மேல் தூசி படிந்தது. டீ மட்டும் ஒன்று கூட வந்துகொண்டே இருந்தது, ஒருநாளும் தவறாமல். அது நேராக எனக்கு வந்தது. இந்தச் சண்டையில் ஆதாயம் அடைந்த ஒரே ஜீவன் நான்தான். ஆனாலும் அக்கா டீயை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் தெரு முனையைப் பார்ப்பார். அதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். குடித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

பிறகு ஒருநாள் சின்னவள் வந்தாள். தூக்கு இல்லை, கழுத்தில் நாடா மட்டும். நான் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை துடைத்தது, காது தெருவைத் தாண்டிவிட்டது.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. வேறு யாரோ வந்ததுபோல, “உள்ள இருக்கிறது வெளிய போகக் கூடாதா, வெளிய இருக்கிறது உள்ள வரக் கூடாதா?” என்றார்.

“ரெண்டும்தான்” என்றாள் சின்னவள்.

“என்ன வருது? தாண்டுதா, நுழையுதா, தோண்டுதா?”

“வாய் வருதுக்கா.”

கோபத்திலும் அந்த ‘அக்கா’ மட்டும் கழன்று விழவில்லை என்பதை நான் கவனித்தேன். அவளே கவனித்திருக்க மாட்டாள். அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். அந்தச் சைசில் வலைக் கண் கடையில் கிடையாது என்றும், இருப்பதில் சின்னதைப் போடுவதாகவும் சொன்னார். உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். உங்கள் முகம் தெரியாத அளவுக்கு என்றாள் சின்னவள். அக்கா எழுந்து, பக்கத்தில் நின்ற கம்பத்தோடு தன்னை ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, “அப்ப அஞ்சடி போதும். மண்ணுக்குள்ள போற பங்கு தனி” என்றார். வண்டிக்காரர் சிரிப்பை அடக்கக் கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

நீளம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாற்பதடி என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் யார் வந்தாலும் அக்கா பரீட்சை வைத்த அந்த நாற்பதடி, அவருடைய சொந்தத் தோட்டம். கம்பமே நடாமல், வருஷக்கணக்காக அதை அளந்து கையில் வைத்திருந்திருக்கிறார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இடது கையை விரிப்பார், அஞ்சு விரலைக் காட்டுவார், ஒண்ணு கூட என்பார். அக்கா இடது கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வலது கையில் பென்சில். பென்சில் நுனி பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேஜையைத் தொட்டது. அடுத்த இடுக்கில் தொட்டது. அதற்கடுத்ததில். அதற்கும் அடுத்ததில். சுண்டுவிரலுக்கு அப்பால் பென்சில் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

“நாலு” என்றார்.

நான் ‘ஒண்ணு கூட’வுக்காகக் காத்திருந்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வண்டிக்காரரும் காத்திருந்தார். சின்னவள் கழுத்து நாடாவை எடுத்து, கையில் சுற்றி, பிரித்து, மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்த அஞ்சு விரல் பாடத்தைக் கம்ப அடுக்கின் மேல் உட்கார்ந்து அவள் எத்தனை மத்தியானம் கேட்டிருப்பாள்.

“நாலுதானா?”

“நாலுதான்.”

“சரி” என்றாள்.

சாமான் வண்டியில் ஏறியது. என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், கண்ணாடியில் என் விரல் பட்டு ஒரே கறையாக இருக்கிறது என்று புகார் சொன்னார்.

அன்று டீ வாங்கப் போனபோது நான் சும்மா இருக்கவில்லை. அக்கா, நீங்கள் இடுக்கை எண்ணிவிட்டீர்களே என்றேன். “உன் கடைக் கண்ணாடியை ஒருநாள் நீயே போட்டுப் பாரு தம்பி” என்றார் அக்கா. எத்தனை வருஷமாக அவர் கணக்கைப் பார்க்கிறேன். ஒரு ஆணி குறைந்ததில்லை. கை தவறியிருக்கலாம், மனசு சரியில்லாதபோது யாருக்கும் தவறும். அப்படியே நினைத்துக்கொண்டேன். டீயும் அன்றைக்குக் கொஞ்சம் ஆறித்தான் இருந்தது.

அடுத்த வாரம் அக்கா கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சரிசெய்த கண்ணாடியைக் கொடுக்க நானே வீட்டுக்குப் போனேன். வேறு ஆள் இல்லாததால் போனேன் என்று சொல்லலாம். வேலியைப் பார்க்கத்தான் போனேன்.

வேலி நன்றாகவே இருந்தது. தோட்டத்தின் கடைசிச் சுவரிலிருந்து ஆரம்பித்து, கம்பம் கம்பமாக நேராக வந்து, குழாயடிக்கு முன்னால், பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனதுபோல, நின்றுவிட்டிருந்தது. நாலாவது கம்பத்தோடு மீதி வலை சுருட்டிய பாய்போல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே தாராளமான வழி. பூசணிக்கொடி புது வலையைக் கண்டதும் தனக்காகவே கட்டியதென்று முடிவு செய்து, மேலே ஏறி, இந்தப் பக்கம் ஒரு பூவும் அந்தப் பக்கம் ஒரு பூவுமாக விட்டிருந்தது.

சின்னவளின் கணவர் சுத்தியலோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். பாவம், கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் கொட்டிவிட்டார். “சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு வலையை இழுத்துக் கட்டிடறேன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கிறா. முறையா கம்பம் நட்டுத்தான் கட்டணுமாம்.” கம்பம் வாங்கி வர வேண்டியதுதானே என்றேன். தானே வாங்கப் போனாராம்; அளவு விஷயம் உங்களுக்குத் தெரியாது, நானே போகிறேன் என்று நிறுத்திவிட்டாளாம். போக நேரமில்லையாம். அக்காவின் கடையும் அவள் தைக்கிற இடமும் ஒரு தெரு தள்ளி.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஈரத் துணி வாளியோடு அந்த வழியில் நுழைந்தார். துவைத்தது இந்தப் பக்கம், காயப்போடுவது அந்தப் பக்கம், வேறு என்ன செய்வது? அதே நேரத்தில் சின்னவள் அந்தப் பக்கத்திலிருந்து காலிக் குடத்தோடு வந்தாள். இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். ஒரே பக்கமாக ஒதுங்கியதால் மறுபடி முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். வேலி போடுவதற்கு முன்னால் தோட்டம் முழுக்க நடந்தவர்கள், இப்போது அந்த ஒரே வழியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டியிருந்தது. அக்காவின் பஸ் டிரைவர் கணவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, “ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுங்க” என்றார். சின்னவள் குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பார்வை சோதிக்கிறவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான்.

ஒன்று மட்டும் புரிந்தது. இன்னும் ஒரு கம்பம் வந்து நின்றுவிட்டால் அந்த வழி மூடிவிடும். பிறகு முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமே இருக்காது. குழாய்க்கு அவள் வேறு ஏற்பாடு செய்துகொள்வாள், துணிக்கொடிக்கு அக்கா வேறு ஏற்பாடு செய்துகொள்வார், அதோடு எல்லாம் முடிந்துபோகும். அடுத்தவர் வீட்டு வேலிக்கு நான் ஏன் இவ்வளவு கவலைப்பட்டேன் என்று என் மனைவி கேட்டாள்.

போன வாரம், மத்தியானம். சின்னவள் கடைக்கு வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. தைக்கிற இடத்துக்குக் கொண்டு போகிற வழியில் வந்தவள் மாதிரி அதைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அன்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

“கம்பம் கொறையுது” என்றாள் சின்னவள், தரையைப் பார்த்து. “அவரு தினமும் நச்சரிக்கிறாரு. ஒண்ணு கூட வேணும்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணு கூட இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால், சுவரை மறைத்துக்கொண்டு, கூரை வரைக்கும் சாய்த்து நிறுத்திய கம்பங்கள். வாசலோர அடுக்கு போதாமல் நடைபாதையிலும் கொஞ்சம். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல், “என்னக்கா, நேத்துதானே ஒரு லோடு…” என்று ஆரம்பித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக வண்டிக்காரருக்குப் பேச்சு பாதியில் அறுந்தது. இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டு, ஆணி மூட்டையை எண்ணப் போய்விட்டார்.

சின்னவள் நிமிர்ந்தாள். கம்பங்களை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, துணியை அளப்பதுபோல, நிதானமாகப் பார்த்தாள்.

“எப்ப வரும்?”

“சொல்ல முடியாது. இப்பல்லாம் வரத்தே இல்ல.”

“வந்தா சொல்லுங்கக்கா.”

“சொல்றேன்.”

அவள் போகவில்லை. வெளியே இருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தாள். அதே நேரம் பார்த்து டீ வந்தது, இரண்டு டம்ளர். வழக்கப்படி நான் கடையிலிருந்து இறங்கித் தெருவில் ஒரு காலை வைத்துவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முக்காலியை விட்டு எழுந்தார். வலைமேல் கிடந்த துணியை எடுத்து இரண்டு தடவை உதறினார். பிறகு சுவரோரம் போய், அடுக்கி வைத்திருந்த கம்பங்களில் மேல் வரிசைக் கம்பத்தை, ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, அழுத்தி அழுத்தித் துடைத்தார்.